பஜார் மாடியில் ஒரு ரூம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: காலேஜில் சீட் கிடைத்துவிட்டது, ஊட்டியில் எங்கே தங்குவது? உருளைக்கிழங்கு விதை பற்றிக் கேட்டிருந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அடுத்த இதழில். நான் ஊட்டி மேல் பஜாரில் மூன்று வருஷம், ஒரு தையல் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகிற ரூமில் தங்கிப் படித்தவன். இன்றைக்கும் அங்கிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் குடியிருக்கிறேன். அதனால் பஜார் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பதில் சொல்வேன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணா, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடு என்கிறார் அப்பா. தோழிகள் இரண்டு பேர் பஜாரில் சேர்ந்து ரூம் எடுக்கலாம் என்கிறார்கள். எது சரி?
– மாணவி, கூடலூர்

அப்பா கிலோமீட்டரைப் பார்க்கிறார் அம்மணி, நீ மணியைப் பார். கூடலூரிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கீழே கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் ஒரு மணி நேரத்தில் முடிகிற தூரம், ஆனால் நம் பஸ் நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டி, தலைகுந்தா வந்து, ஃபிங்கர்போஸ்ட்டில் ஆள் இறக்கி ஊட்டிக்குள் நுழைவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும், மிஸ்ட் இறங்கிய நாளில் இன்னும் அரை மணி கூட. போக வர நாலைந்து மணி நேரம் சீட்டிலேயே போய்விட்டால் படிப்பது எப்போது, தூங்குவது எப்போது? என்னோடு படித்தவன் ஒருவன் நடுவட்டத்திலிருந்து மூன்று வருஷமும் வந்து போனான், நல்ல பையன், ஆனால் கடைசி வகுப்பு எதையும் அவன் முழுதாகக் கேட்டதில்லை. மூன்றரை மணிக்கே காலைப் பெஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பஸ்தான் அவனுக்கு டைம்டேபிள், காலேஜ் இல்லை.

மழைக்காலத்தைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது மலை முழுக்க ரோடு ரோடாக இல்லை. அந்த அளவு போக வேண்டாம், சாதாரண ஜூலையிலேயே ஒரு கற்பூர மரம் குறுக்கே விழுந்தால் அரை நாள் போச்சு. கலெக்டர் விடுமுறை விட்டார் என்று செய்தி வரும், உள்ளே படித்துப் பார்த்தால் பள்ளிகளுக்கு மட்டும் என்று இருக்கும், காலேஜ்காரர்கள் குடையோடு கிளம்ப வேண்டியதுதான்.

ஆக, தங்கிவிடு. ஆனால் ரூம் தேடுவதற்கு முன்னால் அரசு விடுதிக்கு விண்ணப்பம் போட்டுவிடு. இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம், அது கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கே வரும், 2022இலிருந்து நடக்கிற திட்டம், காலேஜ் ஆபீசிலேயே விவரம் சொல்வார்கள். அதை வைத்து வாடகை கட்ட முடியாதுதான், ஆனால் மூன்று பேர் சேர்ந்து சமைத்தால் உன் பங்கு மளிகையில் பாதியாவது அடைபடும்.

விடுதி கிடைக்காமல் ரூம்தான் என்றானால், பார்க்கப் போகும்போது பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்காதே. ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார். ஊட்டியில் வெயில் விழுகிற ஜன்னலுக்கு நூறு இருநூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம், வெயில் விழாத ரூமில் ஆகஸ்ட் மாதம் செருப்பில்கூடப் பூஞ்சணம் பூக்கும், இது கதையில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார், ஈரம் தெரியும். அலமாரிக்குப் பின்பக்கம் மோந்து பார், வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும், எங்கே பிடித்து வைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்காமல், கீழே கடை வைத்திருப்பவரிடம் கேள். ஊருக்குத் தண்ணீர் வருகிற பார்சன்ஸ் வேலி அணையில் தண்ணீர் ததும்பி நிற்கும், நம் குழாயில் வருகிற கதை வேறு.

ஐயா, மஞ்சூர் பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மகள் ஊட்டியில் படிக்கப் போகிறாள். பஜார் நடுவில், கடைக்கு மேலே தங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே அமைதியான இடத்தில் வீடு ஒன்று பார்த்திருக்கிறேன். நான் நினைப்பது தவறா?
– தகப்பனார் ஒருவர்

தவறு இல்லை ஐயா, எந்தத் தகப்பனுக்கும் வருகிற நினைப்புதான். என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், அதுவும் நான் பையன்.

ஆனால் அமைதியான இடம் என்று நீங்கள் பார்த்த வீட்டுக்குச் சாயங்காலம் ஆறரை மணிக்கு, டிசம்பர் மாத இருட்டில், ஒரு தடவை பஸ் ஸ்டாப்பிலிருந்து நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். தோட்டத்து வழியில் காட்டெருமை நிற்கும், அது உங்களுக்குப் பழக்கம், எப்போது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கண்ணைப் பார்த்தே தெரியும். பிள்ளைக்கும் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் தினமும் லேப் முடிந்து, கையில் புத்தகப் பையோடு, தெருவிளக்கு எரிகிறதோ இல்லையோ என்று போக வேண்டுமா? கரடி வேறு. பஜாரில் இருக்கிற மிருகம் நாய்தான், அதற்கும் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

பஜாரில் சத்தம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். விடியற்காலையில் பாங்கு, அப்புறம் மாரியம்மன் கோயில் மணி, அதற்கு நடுவில் மார்க்கெட்டுக்குக் கேரட் மூட்டை இறக்குகிற லாரி. முதல் பத்து நாள் தூக்கம் வராது, பதினோராம் நாளிலிருந்து அந்தச் சத்தம் இல்லாவிட்டால் விழிப்பு வராது. அந்தச் சத்தம் போடுகிறவர்கள்தான் உங்கள் மகளுக்குக் காவல். எனக்கு இரண்டாம் வருஷம் டைஃபாய்டு வந்தது. மூன்று நாளாக நான் படி இறங்கவில்லை என்று முதலில் கவனித்தது காலேஜும் இல்லை, கூடப் படித்தவர்களும் இல்லை. கீழே டீக்கடை மாஸ்டர்தான். "மேல ரூம் தம்பி கணக்கு மூணு நாளா ஏறலையே" என்று நோட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். தையல்கடைக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார், ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட்டிப் போனார். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், டீ மாஸ்டர் மலையாளி, எதிர்க்கடை பாய் வீட்டில் உருது, காய்கறி மண்டிக்காரர் படகர். எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசுவது என்னவோ தமிழில்தான், ஆளுக்கொரு தமிழ்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மகளைக் கொண்டுபோய் விடுகிற அன்று வீட்டுக்காரரிடம் மட்டும் பேசிவிட்டுப் பஸ் ஏறிவிடாதீர்கள். கீழ்க்கடை, பக்கத்து மருந்துக்கடை, டீக்கடை, மூன்று இடத்திலும் நின்று ஒரு டீ குடித்துவிட்டு, "என் பொண்ணு, மேல இருக்குது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் போன் நம்பர் அந்த மூன்று இடத்திலும் இருக்கட்டும். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத காலத்தில் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறீர்கள், நன்றாக வரும் ஐயா.

சார், சொந்த ஊர் ராமநாதபுரம். முதல் வருஷம். நானும் ரூம்மேட்டும் சமைக்கிறோம். சோறு எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் அரிசியாகவே இருக்கிறது. பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. துணி காய்வதில்லை. குளிர் வேறு. எப்படித்தான் இங்கே வாழ்கிறீர்கள்?
– மாணவர், ஊட்டி

சிரித்துவிட்டேன் தம்பி, மன்னிச்சுக்கோ. ஒவ்வொரு வருஷமும் ஜூலை மாதம் இந்தக் கடிதம் வரும், ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

அரிசியில் குற்றம் இல்லை. நீ இருப்பது கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். உங்கள் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் நீ எவ்வளவு தீயைக் கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். பார்க்கக் கொதிப்பாகத் தெரியும், அரிசிக்கு அது போதாது. அதனால் திறந்த பாத்திரத்தில் சோறு வடிக்கிற வீரத்தை விட்டுவிட்டு, மூன்று லிட்டர் குக்கர் ஒன்று வாங்கு, ரூமுக்கு வாங்குகிற முதல் சாமான் அதுவாக இருக்கட்டும். உள்ளே ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றுவதுதான் குக்கரின் வேலையே. அம்மா சொன்ன விசிலோடு இரண்டு சேர்த்துக்கொள். பருப்பைக் காலேஜ் போகும்போதே ஊறப்போட்டுவிட்டுப் போ. ராஜ்மா, கொண்டைக்கடலை என்றால் முதல் நாள் ராத்திரியே.

காய்கறி மட்டும் உனக்கு இங்கே ராஜ வாழ்க்கை. மார்க்கெட்டில் சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்துக்குப் போ. உடைந்த கேரட், கொஞ்சம் வாடிய முட்டைகோஸ், நூல்கோல், டர்னிப் எல்லாம் பையை நீட்டினால் கையால் அள்ளிப் போட்டு ஒரு விலை சொல்வார்கள், ருசியில் ஒரு குறையும் இருக்காது. நாங்கள் ஒரு வருஷம் முழுக்க கேரட் பொரியல் தின்றோம், இன்றுவரை எனக்கு அது தட்டில் விழுந்தால் செமஸ்டர் பயம் வருகிறது.

துணி விஷயம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை ஜீன்ஸ் துவைப்பது வீரம், செய்யாதே. நாலு நாள் ஆகும், காய்ந்த பிறகும் ஒரு வாடை நிற்கும். மெல்லிய பேன்ட் இரண்டு வாங்கிக்கொள், வெளியில் வெயில் தலைகாட்டினால் வகுப்பில் இருந்தாலும் மனசு கொடிக்கு ஓடும், ஊட்டியில் எல்லாருக்கும் அப்படித்தான். ஸ்வெட்டருக்குக் கமர்ஷியல் ரோடு பளபளப்புக் கடையில் ஏறாதே, திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி வாங்கு. நவம்பர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வரை உறைபனி விழும், காலையில் புல் எல்லாம் உப்புத் தூவின மாதிரி இருக்கும், ஆனால் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். உண்மையில் ஊட்டியில் குளிர் என்று அழ வேண்டியது ஜூலைக்குத்தான், ஜனவரிக்கு இல்லை. ஜனவரிக் குளிர் கம்பளிக்குக் கட்டுப்படும், ஜூலை ஈரம் எதற்கும் கட்டுப்படாது.

இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன், கவனமாகக் கேள். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ, பார்பிக்யூ சட்டியையோ ரூமுக்குள் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடாதே. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்றுகூடத் தெரியாது, நல்ல தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் இப்படித் தூக்கத்திலேயே போயிருக்கிறார்கள். இரண்டு கம்பளி வாங்கு, வெந்நீர்ப் பை வாங்கு, இரண்டு பேரும் மங்கி குல்லா போட்டுக்கொண்டு பார்க்கச் சகிக்காமல் உட்கார்ந்திருங்கள், கரி மட்டும் வேண்டாம்.

ஏப்ரல், மே இரண்டு மாதம் ரூமைக் காலி செய்துவிட்டு ஜூனில் திரும்ப வரச் சொல்கிறார் வீட்டுக்காரர். சீசனில் டூரிஸ்ட்டுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறாராம். எங்களுக்கு அப்போதுதான் செமஸ்டர். அட்வான்ஸையும் தர மாட்டேன் என்கிறார்.
– நான்கு மாணவர்கள், ஊட்டி

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும் எழுத உட்கார்ந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாம் வருஷம், ஏப்ரல் மாதம், பரீட்சைக்குப் பத்து நாள். வீட்டுக்காரர் (இப்போது உயிரோடு இல்லை, பெயர் வேண்டாம்) ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து, "தம்பிகளா, ரெண்டு மாசம் ஊருக்குப் போயிட்டு வாங்க" என்றார், ஏதோ நமக்குச் சலுகை கொடுக்கிற குரலில். மறுநாள் சாயங்காலம் எங்கள் பாயில் திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லை, அட்வான்ஸுக்கு ரசீது இல்லை. நான் காந்தலில் ஒரு நண்பன் வீட்டு முன்னறையில் இருபது நாள் படுத்துப் பரீட்சை எழுதினேன். நண்பனின் அம்மா ஒரு வேளைகூடச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, நேராகத் தட்டைத்தான் வைப்பார்கள். மூன்று வருஷம் இந்த ஊரில் இருந்து, கடைக்காரர் எல்லாரையும் மாமா, சேட்டா என்று கூப்பிட்டுப் பழகி, கடைசியில் சீசன் என்று வந்ததும் நாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற சாமான் ஆகிவிட்டோமே என்றுதான் அப்போது பட்டது. பல்கலைக்கழகப் பரீட்சையும் சீசனும் ஒரே மாதத்தில் வருவது யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்த இடி வருஷா வருஷம் மாணவர் தலையில்தான் விழுகிறது.

சரி, இப்போது உங்களுக்கு வழி. எங்கள் காலத்தில் இல்லாத ஒன்று இன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017இல் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ வெட்டவும் கூடாது. உங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லையென்றால் கையில் இருப்பதைச் சேர்த்து வையுங்கள்: மாதா மாதம் போனில் பணம் அனுப்பிய பதிவு, அவர் அனுப்பிய குரல் செய்தி, கரண்டு பில் கட்டிய சீட்டு. அதோடு போய் முதலில் சண்டை போடாமல் பேசுங்கள். நாலு பேரும் போக வேண்டாம், கூட்டமாகப் போனால் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். உங்களில் நிதானமான ஒருவரும், கீழ்க்கடைக்காரரும் போகட்டும். பஜாரில் வீட்டுக்காரர் போலீஸுக்குப் பயப்படுவதைவிடக் கீழ்க்கடைக்காரர் முகத்துக்குப் பயப்படுவார், பத்து வருஷ வாடகை அங்கிருந்துதான் வருகிறது. அதிலும் சரிவரவில்லை என்றால் காலேஜில் துறைத் தலைவரிடம் சொல்லி, அதன் பிறகு வாடகை அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். இன்னொன்று, அனுமதி இல்லாமல் வீட்டை டூரிஸ்ட்டுக்கு விடுகிறவர்களுக்கு நம் மாவட்டத்தில் அதிகாரிகள் சீல் வைப்பது அவருக்கும் தெரியும். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை, தேவைப்பட்டால் கீழ்க்கடைக்காரர் பார்த்துச் சொல்லிக்கொள்வார்.

முதல் வருஷத்துக்காரர்கள் இதைப் படித்தால்: ரூம் பிடிக்கும் ஜூன் மாதத்திலேயே ஏப்ரலைப் பற்றிப் பேசிவிடுங்கள். "பன்னிரண்டு மாசமும் எங்களுக்குத்தானே?" என்ற ஒரே கேள்வி. இழுத்துப் பதில் சொன்னால் அடுத்த படி ஏறுங்கள், பஜாரில் படிகளுக்குப் பஞ்சமில்லை.

பரீட்சை நாளில் டவுன் பஸ்ஸை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் சேரிங்கிராஸில் வண்டி நின்றால் நின்றதுதான். இ-பாஸ் வந்த பிறகு, அதுவும் 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சாதாரண நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று ஐகோர்ட் வரம்பு வைத்தபோதும்கூட, கமர்ஷியல் ரோட்டில் நடக்கிறவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். பஜாரிலிருந்து ஸ்டோன்ஹவுஸ் மேட்டுக்கு ஏறி நடந்தால் அரை மணிதான். மூச்சு வாங்கும், ஆனால் நேரத்துக்குப் போய்விடலாம்.

சீசனில் பார்ட் டைம் வேலைக்குப் போகலாமா?
– மாணவர், குன்னூர்

பரீட்சை முடிந்திருந்தால் போ. சாக்லேட் கடையில் நின்றால் கால் வலிக்கும், முதல் வாரத்துக்கு அப்புறம் சாக்லேட் வாடையே பிடிக்காது. நான் ராத்திரியில் வர்க்கி அடுப்படியில் பொட்டலம் கட்டினேன், விறகடுப்பு எரிகிற இடம், மொத்த ஊட்டியிலும் கதகதப்பான வேலை அதுதான். சம்பளம் நாளுக்கா வாரத்துக்கா என்று சேருகிற அன்றே கேட்டுக்கொள். டூரிஸ்ட் வண்டியை மறித்து ரூம் பிடித்துக் கொடுக்கிற கமிஷன் வேலைக்கு மட்டும் போகாதே. பணம் கையில் புரளும், ஜூனில் வகுப்புக்குத் திரும்ப மனசு வராது. அப்படிப் போனவர்களில் இரண்டு பேர் இன்றும் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள்.

சத்தமில்லாமல் படிக்க ஓர் இடம் சொல்லுங்கள்.
– மாணவி, ஊட்டி

மாவட்ட மைய நூலகம். காலையில் போனால் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள், பதினோரு மணிக்கு மேல் இடம் கிடைக்கும். 1859இல் தொடங்கிய நீலகிரி நூலகம் அழகானது, ஆனால் அது உறுப்பினர்களுக்கு. நான் வெளியில் நின்று ஜன்னலைப் பார்த்ததோடு சரி.

ஊட்டியைக் கண்டுபிடித்தவர் ஜான் சல்லிவன் என்று பரீட்சையில் எழுதினேன். மாமா திட்டுகிறார்.
– மாணவர், கோத்தகிரி

மாமா சொல்வது சரி. தொதவர்களும் கோத்தர்களும் படகர்களும் குடியிருந்த மலையை யார் கண்டுபிடிப்பது? சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். 1822இல் இங்கே கல் பங்களா கட்ட ஆரம்பித்தார், 1824 வாக்கில் ஏரியை வெட்டினார், ஐரோப்பியர்கள் தங்குகிற ஊராக ஆக்கினார் என்று எழுது, மார்க் வரும். அந்தக் கல் பங்களா நிற்கும் வளாகத்தில்தான் 1955இல் தொடங்கிய நம் அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. நாங்கள் மூன்று வருஷம் அதைச் சுற்றித்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம், யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இப்போதும் பஜார் அப்படியே இருக்கிறதா? நான் எண்பதுகளில் அங்கே தங்கிப் படித்தவன்.
– வாசகர், சென்னை

அண்ணே, படிக்கட்டு அப்படியே இருக்கிறது, ஏறுகிற ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போன் கவர் கடை ஆகிவிட்டது. எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) சம்பள நாளில் பஜார் எப்படி இருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபிலிம் ஃபேக்டரி மூடிப்போனதோடு அந்த நாளும் போச்சு, எங்கள் வகுப்பில் எத்தனையோ பேருக்கு அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்தோம், புரிந்த மாதிரி வெளியே வந்து பேசினோம். இப்போதைய பிள்ளைகள் ரூமிலேயே போனில் பார்க்கிறார்கள், அவர்களுக்குப் புரியவும் செய்கிறது. கணக்கு நோட்டு வைத்திருக்கும் டீக்கடை ஒன்றிரண்டுதான் மிச்சம். மற்ற இடத்தில் எல்லாம் ஸ்கேன் பண்ணு என்று அட்டையைக் காட்டுகிறார்கள். எனக்கு டைஃபாய்டு வந்ததை அந்த அட்டை கவனித்திருக்காது.

மகன் ஊட்டியில் சேர்ந்திருக்கிறான். ஊரிலிருந்து பஸ்ஸில் என்னென்ன கொடுத்து அனுப்பலாம்?
– ஓர் அம்மா, அருப்புக்கோட்டை

இட்லி மாவு வேண்டாம் அம்மா, இங்கே புளிக்காது, ராத்திரி வைத்தது காலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். தேங்காய் எண்ணெய் கொடுத்தால் வாயகலமான டப்பாவில் கொடுங்கள், பாட்டிலுக்குள் கல்லாக உறைந்துவிடும், எடுக்க முடியாது. தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எதுவும் வேண்டாம், மாவட்டத்துக்குள் தடை, வழியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதம் வேறு. துணிப்பையும் ஸ்டீல் பாட்டிலும் கொடுங்கள். கம்பளி இங்கேயே வாங்கட்டும், உங்கள் ஊரில் கிடைப்பது எங்கள் ஜூலைக்குப் பத்தாது. பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொடுக்கலாம், கெடவே கெடாது, ஃப்ரிட்ஜுக்குள் வைத்த மாதிரிதான் எங்கள் ஊர். எலுமிச்சை ஊறுகாய் மட்டும் கண்ணாடி ஜாடியில் இரண்டாகக் கொடுத்துவிடுங்கள். ஒன்று ரூமில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கு, அது ஒரு வாரம்கூட நிற்காது.